ஆம்ப்ளிபையரைக் கடைசியாக வாங்குங்கள்

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கேட்பு நாள் வைக்கிறோம். விக்கிரவாண்டி, விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து இசைப் பித்தர்கள் ஏழெட்டுப் பேர் தங்கள் ஹெட்போன், ஆம்ப்ளிபையர்களைத் துணியில் சுற்றி எடுத்து வருவார்கள். நீள மேசையில் பரப்பிவைத்தால் மாணவர்கள் மாறி மாறி உட்கார்ந்து கேட்பார்கள். இந்த முறை மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஹெட்போன்கள் இருந்த பக்கமே வரவில்லை. நேராக மேசைக் கோடியில் இருந்த கனமான கறுப்புப் பெட்டியிடம் போனான். பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இது எத்தனை வாட்?" என்றான்.

அவனிடம் 20,000 ரூபாய் இருந்தது. அதில் 18,000 ரூபாயை ஆம்ப்ளிபையருக்கு ஒதுக்கியிருந்தான். மிச்சத்தில் ஏதாவது ஒரு ஹெட்போன் வாங்கிக்கொள்வதாகத் திட்டம். "அப்பா சொல்லிட்டார் சார். ஆம்ப் பெருசா எடு, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்னார்." அப்பா திண்டிவனம் பக்கத்தில் முப்பது வருடமாக மைக் செட் வைத்திருப்பவர்.

இந்தக் கட்டுரையை எழுத அந்தப் பையன்தான் காரணம். அவனை மாதிரி ஒவ்வொரு ஆண்டும் நாலு பேரைப் பார்க்கிறேன். ஒருவன் வீட்டார் பேச்சைக் கேட்டு வாங்குகிறான், இன்னொருவன் விடுதியில் பக்கத்து அறைக்காரன் கழுத்தில் தொங்குவதைப் பார்த்து வாங்குகிறான். தன் காதைக் கேட்டு வாங்குகிறவன் அபூர்வம்.

கடையில் என்னென்ன கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். தினமும் பேருந்தில் போய்வருகிறவருக்கு ப்ளூடூத் சௌகரியம், அதில் தப்பில்லை. விடுதி அறையில் நாலு பேரோடு இருப்பவர் காதை முழுக்க மூடும் ஒயர் ஹெட்போன் வாங்கலாம். தனி அறை இருந்தால் பின்பக்கம் திறந்த ரகத்தைப் பார்க்கலாம். அதில் பாட்டு வெளியே கசியும், வெளிச்சத்தம் உள்ளே வரும், ஆனால் ஓசை காற்றோட்டமாக இருக்கும். அளவாகச் செலவு செய்ய நினைப்பவருக்கு ஆடியோ-டெக்னிகாவின் எம்20எக்ஸ் போதும். பல ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்றும் மாட்டிக்கொள்ளும் சோனி எம்டிஆர்-7506 அதற்கு அடுத்த படி. பணமும் பொறுமையும் இருந்தால் 1997-லிருந்து வந்துகொண்டிருக்கும் சென்ஹைசர் எச்டி 600. இதற்கு மேல் பட்டியல் வேண்டியதில்லை. நான் கவலைப்படுவது அந்தக் கறுப்புப் பெட்டியைப் பற்றித்தான்.

அப்பா சொன்னது அவர் தொழிலில் முழு உண்மை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஓசை 6 டெசிபல் விழும். காற்று வேறு அடித்துக்கொண்டு போகும். 2024 அக்டோபர் 27 அன்று இதே விக்கிரவாண்டி வி.சாலையில் தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநில மாநாடு நடந்தது. அந்த மாதிரித் திடலில் கடைசி வரிசைக்கும் பேச்சு போய்ச்சேர வேண்டுமானால் ஆயிரக்கணக்கில் வாட் வேண்டும், ஜெனரேட்டர் வேண்டும், பாக்ஸ் அடுக்க ஆள் வேண்டும். அம்மன் கோயில் திருவிழாவுக்குக் குழாய் கட்டியவருக்கு இந்தக் கணக்கு கை ரேகை மாதிரி.

ஆனால் ஹெட்போனில் ஓசை போக வேண்டிய தூரம் ஒரு அங்குலம்கூட இல்லை. சாதாரண ஹெட்போன் ஒன்றுக்கு ஒரு மில்லிவாட் கொடுத்தால், அதாவது ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு கொடுத்தால், ஏறக்குறைய 100 டெசிபல் சத்தம் வரும். வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. சத்தம் 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 100 டெசிபலை வாரம் முழுக்கச் சேர்த்தே சுமார் இருபது நிமிடம்தான் கேட்கலாம். ஒரு மில்லிவாட்டிலேயே காது கெட்டுப்போகிற இடத்தில் ஐந்து வாட் ஆம்ப்ளிபையரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆம்ப்ளிபையரின் திறனை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல் என்பதையும் கூடவே மனதில் வையுங்கள். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்றப் பத்து மடங்கு திறன் வேண்டும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்த எண் உங்கள் காதில் பெரிதாக ஒன்றும் செய்யாது.

"அப்புறம் ஏன் சார் பெரிய பெட்டியில நல்லாக் கேக்குது?" என்று பையன் விடவில்லை. நியாயமான கேள்வி. கேட்பு நாளில் ஒவ்வொரு முறையும் இதைச் செய்து காட்டுகிறேன், அவனுக்கும் காட்டினேன். ஒரு பக்கம் கறுப்புப் பெட்டி. மறுபக்கம் போனில் சொருகும் கட்டைவிரல் நீள யூஎஸ்பி டாங்கிள். இரண்டிலும் ஒரே ஹெட்போன், ஒரே பாட்டு. முதல் சுற்றில் எல்லாரும் பெட்டியைத்தான் காட்டினார்கள். பிறகு 400 ஹெர்ட்ஸ் சுருதி ஒன்றை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஹெட்போன் சொருகியபடியே இரண்டின் வெளியீட்டையும் அளந்தேன். பெட்டி கொஞ்சம் கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தது. வால்யூம் குமிழை மயிரிழை மயிரிழையாகக் குறைத்து இரண்டையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவந்தேன். பிறகு துணியால் மூடிவிட்டு மாற்றி மாற்றிக் கொடுத்தேன். எது எது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு டெசிபல் கூடினாலே மூளை அதைச் "சத்தம் கூடுதல்" என்று சொல்லாது, "தெளிவு, ஆழம், உயிர்" என்று சொல்லும். சத்தம் ஏற ஏற நம் காதுக்கு பேஸ் தூக்கலாகத் தெரியும் என்பதை பிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். கடைக்காரர் குமிழை லேசாகத் திருப்பினால் போதும், உங்கள் பணம் கைமாறிவிடும்.

எனக்கே இது நடந்தது. இருபது வருடம் முன்பு, முதல் சம்பளத்தோடு சென்னையில் ஒரு கடைக்குப் போய், இரண்டு மாத வாடகைப் பணத்தை ஒரு ஆம்ப்ளிபையரில் போட்டேன். ஹெட்போன் பழையதேதான். ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன், அப்புறம் அதே பழைய ஓசைதான் கேட்டது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை, அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

ஆம்ப்ளிபையர் தேவைப்படும் இடம் இல்லாமல் இல்லை. 300 ஓம் ஹெட்போனுக்குக் கொஞ்சம் கூடுதல் வோல்ட் வேண்டும். ஒரு மில்லிவாட்டுக்கே அரை வோல்ட்டுக்கு மேல் கேட்கும். நல்ல டாங்கிள் ஒரு வோல்ட் தரும் என்பதால் பெரும்பாலும் சமாளித்துவிடும். தட்டையான சவ்வு கொண்ட பிளேனார் ரக ஹெட்போன்களில் சில மிக மந்தமானவை. ஹைஃபைமேன் எச்இ-6 மாதிரி 83.5 டெசிபல் உணர்திறன் கொண்டதை ஓட்ட நிஜமாகவே பெரிய ஆம்ப்ளிபையர் வேண்டும். ஆனால் அது மாணவர் வாங்குகிற பொருள் இல்லை. ப்ளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவருக்கோ ஆம்ப்ளிபையர் உள்ளேயே இருக்கிறது, ஒயரில்லாமல் கேட்கும்போது வெளியே ஒன்று வாங்கிப் பயனே இல்லை. அப்படியும் ஆசை விடவில்லையென்றால் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் 5532 ஐசி ஒன்றும் இரண்டு 9 வோல்ட் பேட்டரியும் நாலைந்து உதிரிகளும் வாங்கி வந்து நீங்களே பற்றவைத்துப் பாருங்கள். சில நூறு ரூபாயில் முடியும், கையும் பழகும்.

என் சாய்வையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒயர் கட்சி. பேஸ் முட்டுகிற ஹெட்போன் எனக்கு ஆகாது. ஹெட்போன் எடுக்கப் போனால் இளையராஜாவின் 1986 இசைத்தொகுப்பான 'ஹவ் டு நேம் இட்'டைப் போட்டு, வயலின்களுக்கு அடியில் பேஸ் கிடார் தனி ஆளாக நடந்துபோவது கேட்கிறதா என்று பார்ப்பேன். அடுத்து முகவீணை. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் அது ஏறி நிற்கும்போது மட்டமான ஹெட்போன் காதைக் கீறும், நல்லது கீறாது.

1958-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஒரு ஹை-ஃபை காட்சிக்கு ஜான் காஸ் என்பவர் விற்கக் கொண்டுபோனது ஒரு ரிக்கார்டு பிளேயரை. அதைப் போட்டுக்காட்ட வைத்திருந்த ஸ்டீரியோ ஹெட்போனைத்தான் கூட்டம் மொய்த்தது. பெட்டியை விட்டுவிட்டுக் காதில் வைத்ததைக் கவனித்த அந்தக் கூட்டத்தைப் போல எங்கள் மாணவர்களும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அடுத்தவரைப் பார்த்து முடிவெடுப்பது ஹெட்போனோடு நிற்கிற விஷயமும் இல்லை. மாமா பையன் சேர்ந்தான் என்று ஈசிஇ-யில் சேருகிறார்கள், மூன்றாம் ஆண்டில் எல்லாரும் பைத்தான் படிக்கிறார்கள் என்று அதற்கு ஓடுகிறார்கள். தன் கை எதில் இயல்பாக ஓடுகிறது என்று ஒரு மாதம் நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. காதுக்கும் அந்த ஒரு மாதம் வேண்டும். ஒரே ஹெட்போனில் ஒரே பத்துப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். இரண்டாவது வாரத்தில் தபலாவின் இரண்டு பக்கமும் பிரிந்து கேட்கத் தொடங்கும், நாலாவது வாரத்தில் பாடகர் மூச்சு எடுக்கிற இடம் தெரியும். அதுவரை அடுத்ததை வாங்காதீர்கள். அந்தப் பையனிடமும் இதைத்தான் சொன்னேன். ஆய்வகத்தில் அறுந்துபோன ஜாக்குகளை அவன் எவ்வளவு சுத்தமாகப் பற்றவைக்கிறான் என்று எனக்குத் தெரியும். அது அப்பாவிடமிருந்து வந்த கை.

அடுத்த திங்கட்கிழமை அவன் அப்பாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். "பையன் ஏதோ சொல்றான் சார், நீங்களே சொல்லுங்க" என்றபடி உட்கார்ந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. நண்பர் ஒருவர் இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்திருந்த கூத்து ஒன்றை டாங்கிளில் ஓடவிட்டு 7506-ஐ அவர் காதில் மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து நிமிடம் அசையவில்லை. பிறகு ஒரு பக்கத்தை மட்டும் காதிலிருந்து விலக்கி மகனைப் பார்த்தார்.

"முகவீணைக்காரர் எடது மைக்குக்கு ரொம்பக் கிட்ட உக்காந்துட்டார்டா. ஒரு அடி தள்ளி உக்கார வச்சிருக்கணும்" என்றார். அப்புறம் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய் மேசைக்கடியில் ஆம்ப்ளிபையரைத் தேடினார்.