முருகைக்கல்லின் பகைவர்

முருகைக்கல் வெறுங்கல்லன்று. பொலிப்பு எனப்படும் மெல்லிய சிற்றுயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைக்கொண்டு சமைத்த மனையே அது. சாய்ந்தமருதுக் கரை மணற்கரையாதலின், நம் மாணவருட் பலர் உயிருள்ள முருகையைக் கண்டிரார். வடக்கே பாசிக்குடாவிலும் திருகோணமலைப் புறாத்தீவிலும் அதனைக் காணலாம்.

அதன் பகைவருட் கொடியது முட்கிரீட உடுமீன். 1970ஆம் ஆண்டையொட்டித் திருகோணமலைக் கடலில் அது பெருகி முருகைப் பார்களை அழித்தது. நஞ்சு முட்கள் செறிந்த பல கைகளையுடைய இவ்வுயிர், தன் இரைப்பையை வாய்வழியே வெளித்தள்ளி முருகையின்மேல் விரித்து, அவ்விடத்திலேயே அதன் தசையைச் செரித்து உறிஞ்சும். அது நகர்ந்தபின் எஞ்சுவது வெண்ணிற எலும்புக்கூடே. ஓர் உடுமீன் ஓராண்டில் 10 சதுர மீற்றர் வரை உண்ணவல்லது.

ஆயினும், வெளுத்த முருகையெல்லாம் உடுமீன் தின்றது எனக் கொள்ளற்க. கடல்நீர் மிகச் சூடேறுமிடத்துப் பொலிப்பு தன்னுள் வாழும் அல்காக்களை வெளியேற்றி நிறமிழக்கும். அப்போது தசை கண்ணாடிபோல் நிற்கும், உயிர் போய்விடவில்லை. சூடு விரைவில் தணியின் அது மீளும். இவ்வேறுபாட்டை அறியாது மருந்து தேடுவதிற் பயனில்லை.

உடுமீனை வெட்டி எறிவதினும் ஊசிமருந்தே தக்கது. சமையலறை வினாகிரியே அதனைக் கொல்லப் போதும் என அவுஸ்திரேலிய ஆய்வாளர் 2015ஆம் ஆண்டளவில் காட்டினர். மூழ்குவோர் ஒவ்வொன்றாகத் தேடிக் குத்தவேண்டியிருத்தலின் வேலை பெரிது. அதனைத் தேடித் தின்னும் ட்ரைட்டன் என்னும் பெருஞ்சங்கோ, ஓட்டின் அழகுக்காகப் பிடிக்கப்பட்டு அருகி வருகின்றது.

வீட்டுத் தொட்டியில் முருகை வளர்ப்போர்க்கும் இத்தகைய தொல்லை உண்டு. (நம் கடலிலிருந்து உயிர்முருகையைப் பெயர்த்தல் சட்டவிரோதம் என்பதை இங்கே நினைவூட்டுகின்றேன்.) பாறைத் துண்டுகளோடு வந்து சேரும் அயிப்தாசியா என்னும் சிறு கடற்சாமந்தி, அயலிலுள்ள முருகையைக் கொட்டி வாட்டும். கிள்ளி எறிந்தாலோ, ஒட்டியிருக்கும் அடித்துணுக்கு ஒவ்வொன்றும் புதிதாய் முளைக்கும். வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பின் பொருளையே தூயதாக வாங்கி, நீரிற் குழைத்து, ஊசிக்குழலால் அதன் வாயிற் செலுத்துவது நன்று. அதனைத் தின்னும் சிறு இறால் வகையும் உண்டு.

தட்டைப்புழுவே இன்னும் வஞ்சகமானது. முருகையின் நிறத்தையே கொண்டு அதன்மேற் படிந்து கிடப்பதால் எளிதிற் புலப்படாது. மருந்துநீரில் முருகையைத் தோய்த்தால் புழு உதிரும்; முட்டை சாகாது. ஆகவே கிளையின் அடியிலுள்ள முட்டைகளைச் சுரண்டி நீக்கி, சில நாள் விட்டு மீண்டும் தோய்த்து, சில வாரம் வேறு தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே ஏனைய முருகைகளோடு சேர்த்தல் வேண்டும்.