தனியொருவனும் ஊரும்: அமெரிக்க இலக்கியத்திலும் கரிசல் இலக்கியத்திலும் இயற்கையின் வன்மை

முன்னுரை

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு மாந்தர் வாழ்வைப் பாடியது தமிழ் மரபு. தொல்காப்பியர் தெய்வம் வகுத்துரைத்தது நானிலத்திற்கே. பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் எனச் சிலம்பு விளக்கும். எந்த நிலமும் ஒருநாள் பாலையாகலாம் என்பதே இதன் உட்பொருள். இயற்கையின் கொடுமையை நம் முன்னோர் எத்துணை அணுக்கமாக அறிந்திருந்தனர் என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

ஆங்கில வகுப்பில் ஹெமிங்வேயையும் தமிழ் வகுப்பில் கி. ராஜநாராயணனையும் பயிலும் நம் மாணவர்கள் இவ்விருவரையும் ஒருசேர வைத்து எண்ணிப் பார்ப்பது அரிது. ஒருமுறை வகுப்பில் ஜாக் லண்டனின் கதையொன்றை நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, மானாவாரி வேளாண் குடும்பத்தைச் சேர்ந்த மாணவி ஒருவர், "ஐயா, அந்த மனிதர் ஏன் தனியாகப் போனார்?" என வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

அமெரிக்க இலக்கியத்தில் தனிமனிதன்

ஜாக் லண்டன் 1908இல் வெளியிட்ட 'தீ மூட்ட' என்னும் சிறுகதையில், கனடாவின் யூகான் பனிவெளியில் பெயரற்ற ஒருவன் நாயொன்றுடன் வழிநடக்கிறான். பாரன்ஹீட் அளவில் சுழியத்திற்குக் கீழ் 75 பாகைக் குளிர். தவறிப் போய் நீரில் கால் நனைகிறது. மரத்தடியில் அவன் மூட்டிய தீயைக் கிளையிலிருந்து சரிந்த பனி அவித்துவிடுகிறது. விரல்கள் மரத்துப்போக, மீண்டும் தீ மூட்ட இயலாமல் அவன் உயிர் துறக்கிறான். நாய் வேறு மனிதரைத் தேடிச் செல்கிறது. சுழியத்திற்குக் கீழ் 50 பாகைக்கு மேல் குளிர் மிகுந்தால் எவரும் தனியே செல்லலாகாது என்று அனுபவம் மிக்க முதியவர் ஒருவர் அவனுக்கு முன்னரே கூறியிருந்தார். அவன் அதனைக் கேட்டு நகைத்தான். ஆகவே அவனைக் கொன்றது குளிர் மட்டுமன்று. துணை வேண்டா என்னும் செருக்குமாகும்.

ஸ்டீபன் கிரேன் 1897 ஜனவரியில் புளோரிடா கடற்பகுதியில் கப்பல் மூழ்கிச் சிறு படகில் உயிர்தப்பியவர். அப்பட்டறிவைத் 'திறந்த படகு' என்னும் கதையாக்கினார். படகில் நால்வர். அவர்தம் துயரத்தைக் கடல் பொருட்படுத்தவில்லை. அதற்கு அவர்மீது பகையுமில்லை, பரிவுமில்லை. ஆயினும் அந்நால்வரிடையே சொல்லில் அடங்காத தோழமை மலர்கிறது. இறுதியில் அவருள் வலிமை மிக்கவனே கரை சேராமல் இறக்கிறான். உடல்வலிமைக்கும் உயிர்பிழைத்தலுக்கும் இயற்கை கணக்கு வைத்துக்கொள்வதில்லை என்பது இதனால் புலனாகும்.

ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' 1952இல் வெளிவந்தது. 84 நாள் மீன் கிட்டாத சாந்தியாகோ பெருமீனைப் பிடித்தும் சுறாக்களுக்கு அதனைப் பறிகொடுக்கிறான். அவனது விடாமுயற்சியைப் போற்றாதார் இல்லை. ஆனால் நடுக்கடலில் அவன் மீண்டும் மீண்டும் ஏங்குவது, தன்னுடன் மீன்பிடிக்க வந்த சிறுவன் இப்போது அருகில் இல்லையே என்றுதான். வீரம் பேசும் இப்படைப்பின் அடியிலும் துணைக்கான ஏக்கமே ஓடுகிறது.

ஜான் ஸ்டைன்பெக் 1939இல் எழுதிய 'கோபத்தின் கனிகள்' இவற்றினின்றும் வேறுபட்டது. 1930களில் வறட்சியும் புழுதிப்புயலும் அமெரிக்க நடுநிலத்தைப் பாழாக்கின. ஒக்லஹோமாவின் ஜோடு குடும்பத்தார் நிலத்தை இழந்து கலிபோர்னியா நோக்கிச் செல்கின்றனர். விளைச்சலை அழித்தது வறட்சி. வீட்டைவிட்டு வெளியேற்றியதோ கடன் கொடுத்த வங்கி. இயற்கையின் கொடுமையும் மனிதனின் கொடுமையும் ஒன்றோடொன்று பிணையும் இவ்விடத்தில்தான் அமெரிக்க இலக்கியம் நம் கரிசலுக்கு மிக அருகில் வருகிறது.

மலையும் கரிசலும்

சுந்தரபாண்டியத்தில் நின்று மேற்கே நோக்கின் சதுரகிரி மலைத்தொடர். கிழக்கே செல்லச் செல்லக் கரிசல். மலை தரும் இன்னல் ஒருவகை. கரிசல் தரும் இன்னல் மற்றொருவகை. 2015 மே மாதத்தில் சதுரகிரி ஓடையில் திடீரெனப் பெருகிய வெள்ளத்தில் வழிபாட்டிற்குச் சென்றோர் பலர் உயிரிழந்ததை நாம் மறந்திலோம். கரிசலோ கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும்; மழையில் காலைப் பற்றி இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கம்பும் சோளமும் பருத்தியும் விதைப்பவனுக்கு வானம் பொய்த்தால் அவ்வாண்டே பொய்த்துவிடும்.

கரிசல் இலக்கியத்தின் முன்னோடியான கி. ராஜநாராயணன் (மறைவு 2021), 'கோபல்ல கிராமம்' என்னும் புதினத்தை 1976இல் வெளியிட்டார். தெலுங்கு நாட்டிலிருந்து அஞ்சிப் புறப்பட்டு வந்த குடும்பங்கள், முள்ளும் கள்ளியும் மண்டிய காட்டைத் தீயிட்டுத் திருத்தி ஊராக்கும் வரலாறு அதில் விரிகிறது. ஜாக் லண்டனின் மனிதனுக்குத் தீ தனக்கென ஒருவன் மூட்டுவது. கோபல்லத்தில் அஃது ஊர் கூடி மூட்டுவது. இவ்வேறுபாடு ஈண்டு எண்ணத்தக்கது.

அவருடைய 'கதவு' என்னும் சிறுகதை இன்னும் ஆழமானது. மழை பொய்த்த ஊர். தந்தை கூலி தேடி மணிமுத்தாற்றுக்குச் சென்று திரும்பவில்லை. பொருள்வயிற் பிரிந்து பாலை கடந்த சங்கத் தலைவனின் வழித்தோன்றலாகவே அவன் நமக்குத் தோன்றுகிறான். தீர்வை கட்டவில்லை என்று, குழந்தைகள் ஏறி விளையாடும் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகின்றனர். கதவற்ற வீட்டினுள் வாடைக்காற்று நுழைகிறது, கைக்குழந்தை இறக்கிறது. வாடை ஆண்டுதோறும் வீசுவதே. அதனைத் தடுத்து நின்ற மரப்பலகையை எடுத்துச் சென்றவர் மனிதர். ஸ்டைன்பெக் ஒரு பெரும் புதினத்தில் காட்டியதைக் கி. ரா. சில பக்கங்களில் காட்டிவிடுகிறார் எனலாம்.

ஊர் என்னும் துணை

மழை பொய்த்த ஆண்டுகளில் பெண்கள் வீடுவீடாகச் சென்று சோறும் கூழும் பெற்று, ஒன்றாகக் கலந்து, பொதுவிடத்தில் பகிர்ந்துண்ணும் மழைச்சோறு வழக்கம் தமிழகச் சிற்றூர்களில் இருந்தது. இஸ்லாமியர் மழை வேண்டித் திறந்தவெளியில் கூடித் தொழுவர். தொழுகையை நடத்தும் இமாம் தம் மேலாடையைத் திருப்பி அணிந்துகொள்வார். சடங்குகள் வெவ்வேறு, ஆயின் இரண்டிலும் எவரும் தமக்கென மட்டும் மழை கேட்பதில்லை. குடிமராமத்து என்னும் பெயரால் ஊரார் கூடிக் கண்மாயைத் தூர்வாரியதும் இவ்வுணர்வின் செயல்வடிவமே. அவ்வுணர்வு குன்றியபின் கண்மாய்க்கு நேர்ந்த கதியைச் சோ. தர்மனின் 'சூல்' பேசுகிறது. 2019ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற புதினம் அது.

இங்கு ஒன்றை மறைத்தல் ஆகாது. ஊர் என்பது எல்லார்க்கும் ஒரே ஊராக இருந்ததில்லை. பூமணியின் 'பிறகு' (1979) ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வை உள்ளிருந்து காட்டுகிறது. வறட்சி அனைவர்க்கும் பொது. கிணறு அனைவர்க்கும் பொதுவாக இருந்ததில்லை. ஊரின் ஒற்றுமையைப் போற்றும் நாம் இக்குறையையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன:

1. இரு நாட்டு இலக்கியங்களிலும் இயற்கை மனிதனுக்குப் பகையன்று. அஃது அவனை அறியாதது.

2. நாம் கண்ட அமெரிக்கப் படைப்புகளில் மனிதன் பெரும்பாலும் தனித்து நின்று, துன்பத்தின் முடிவில் துணையின் அருமையைக் கண்டுகொள்கிறான். கரிசல் படைப்புகள் துணையிலிருந்தே தொடங்குகின்றன. அத்துணை பறிபோகும் இடமே அவற்றின் அவலம்.

3. இயற்கை தரும் துன்பத்தை இறப்பாக மாற்றுவது பலவேளைகளில் மனிதர் செயலே.

அம்மாணவியின் வினாவிற்கு அன்று நாம், "கதை அப்படி" என்றே விடை கூறினோம். அது போதாது என்பதை இப்போது உணர்கிறோம். தனியே போனதுதான் கதை என்று கூறியிருத்தல் வேண்டும். மழை பொய்க்கும் ஆண்டு நம் ஊர்களுக்கு மீண்டும் வரும். அன்று வானத்தை நோக்குவதோடு அமையாமல், எவர் வீட்டுக் கதவு கழற்றப்படுகிறது என்பதையும் நோக்கும் கண்ணை நம் மாணவர்க்கு இலக்கியக் கல்வி அளிக்குமாயின், அதுவே நம் வகுப்பறைகளின் பயனாகும்.