பாட்டியின் ஸ்கேன் ரிப்போர்ட்

அன்பு மக்களே,

பாறசாலையில் எடுத்த அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டைப் படித்தேன். பாட்டியின் வலது கிட்னியில் 3 சென்டிமீட்டரில் ஒரு கட்டி. திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்கு எழுதிக் கொடுத்ததும் வீட்டில் அழுகை தொடங்கிவிட்டது என்கிறாய். 1981-இல் தொடங்கிய அந்த மையத்தின் பெயரைக் கேட்டாலே நெய்யாற்றின்கரைப் பக்கம் எல்லாம் முடிந்துபோனதாக நினைக்கிறார்கள். இல்லை மக்களே, என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் அனுப்புகிறார்கள்.

வலியில்லையே என்று அப்பா சொல்வதையும் நம்பி இருந்துவிடாதே. கிட்னிப் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. ஆனால் 4 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளை அறுத்தெடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றாக இருப்பதில்லை.

அடுத்தது சி.டி. ஸ்கேன். சாய ஊசிக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை எடுப்பார்கள். விஷயமே அதில்தான். டாக்டர் திரையில் கட்டியின் மேல் சின்னதாக ஒரு வட்டம் போடுவார். உடனே ஓர் எண் வரும். தண்ணீருக்கு 0. மைனஸ் 10-க்கும் கீழே போனால் உள்ளே கொழுப்பு, பெரும்பாலும் ஆஞ்சியோமயோலிப்போமா. அது புற்றல்ல, ஆனால் பெரிதானால் இரத்தம் கசியலாம். சாயத்துக்குப் பின் எண் 20-க்கு மேல் கூடினால் கட்டிக்குள் இரத்த ஓட்டம் உண்டு, வெறும் நீர்க்கட்டியல்ல. சாயத்துக்கு முந்தைய படம் இல்லாவிட்டால் கெட்டி நீர் நிறைந்த சிஸ்ட்டும் திடக்கட்டிபோலத் தெரியும். நீர்க்கட்டிகளுக்கு மார்ட்டன் பாஸ்னியாக் 1986-இல் வகுத்த தரம் இன்றும் ரிப்போர்ட்டில் வரும்: 1, 2 என்றால் பயமில்லை, 4 என்றால் பெரும்பாலும் புற்றுதான்.

படம் தோற்கும் இடமும் உண்டு. ஆன்கோசைட்டோமா புற்றல்ல, ஆனால் சாயத்தைப் புற்றைப் போலவே வாங்கும். நடுவில் தழும்பு தெரிந்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. புற்றிலும் அப்படி வரும். பயாப்ஸி பார்க்கலாமா என்று நீ வாய்திறந்து கேட்க வேண்டியது அங்கேதான். ஊசி பட்டால் பரவும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது மிக மிக அரிது.

பயாப்ஸியும் சில வேளை தெளிவு தராது. பாட்டியின் வயதையும் சர்க்கரையையும் பார்த்து, அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனிப்போம் என்று டாக்டர் சொன்னால், கைவிட்டுவிட்டார் என்று எண்ணாதே. ஆபரேஷன்தான் என்றால், கட்டியை மட்டும் எடுத்துக் கிட்னியைக் காப்பாற்ற முடியுமா என்று கேள். சாய ஊசிக்கு முன் கிரியாட்டினின் பார்க்கட்டும்; சர்க்கரை மாத்திரையின் பெயரையும் சொல்லிவிடு. பித்தப்பைக் கல்லுக்காகக் களியக்காவிளையில் எடுத்த பழைய ஸ்கேன் வீட்டில் கிடக்குமே, அதையும் தேடி எடுத்துப் போ. கட்டி அன்றைக்கே இருந்ததா, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அன்புடன்,
மாமா