இனிப்பு நீரும் இல்லற வாழ்வும்



இனிப்பு நீர் வந்தால் என்ன சாப்பிடலாம், எதைத் தள்ளலாம், காலை எப்படிக் கவனிக்கலாம் என்று கேட்பவர்கள் நிறைய. அந்த நோய் கணவன் மனைவிக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது என்று கேட்பவர்தான் இல்லை. கேட்க வெட்கம். ஆகவே இம்முறை அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம். பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் 100க்கு 18 பேருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 100க்கு 31 பேர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்தக் கணக்கு 15.6 விழுக்காடாக இறங்கியது. ஆனால் நோயுள்ளவர்களில் ஐந்தில் இருவருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியவில்லை. நம் கேமரன் மலையில் இதற்கு ஒரு சாக்கும் உண்டு. ராத்திரி நாலு தடவை ஒன்றுக்கு எழுந்து போனால், "குளிருக்கு அப்படித்தான்" என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொள்கிறோம். குளிர்தான் காரணமா, சீனி காரணமா என்பதை விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது வீட்டுச் சண்டைக்கு வருவோம். காலையில் பசியாறாமல் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறார் ஒருவர். சரிவில் ஏறி இறங்கி, வெட்டு மெஷினைத் தூக்கி உழைக்கிறார். உழைப்பும் சீனியைக் குறைக்கும், கிளிக்கிளசைடு மாத்திரையும் குறைக்கும், இன்சுலின் ஊசியும் குறைக்கும். வீட்டுக்கு வந்ததும் கை நடுங்குகிறது, வேர்க்கிறது, நாக்கு குழறுகிறது, காரணமில்லாமல் கோபம் வருகிறது. "தண்ணி போட்டுட்டு வந்துட்டியா?" என்று மனைவி கேட்க, சண்டை மூள்கிறது. உண்மையில் அந்த மனிதருக்கு ரத்தத்தில் சீனி 4க்குக் கீழே போயிருக்கலாம். மூளைக்குத் தீனி இல்லாவிட்டால் எந்தச் சாந்தமான மனிதரும் எரிந்துதான் விழுவார்.

அப்போது வாதம் பேச வேண்டாம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரம் பொறுங்கள். நடுக்கம் நிற்கவில்லையானால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்த பிறகு சோறோ ரொட்டியோ சாப்பிட வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சம்சு, பீர் குடிப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். ஈரல் சாராயத்தைச் சமாளிப்பதில் மூழ்கிவிடுவதால், குறைந்துபோன சீனியைத் தூக்கிவிட அதற்கு நேரமில்லை. அக்கம்பக்கத்தாரும் "குடிச்சுட்டுக் கிடக்கான்" என்று விட்டுவிடுவார்கள்.

அடுத்தது படுக்கையறை விஷயம். பல வருஷம் சீனி கூடியே இருந்தால் நரம்பும் ரத்தக் குழாயும் கெடும். கண்ணுக்கும் காலுக்கும் போகும் குழாய் கெடுவதைப் போலவே ஆண்குறிக்குப் போகும் குழாயும் கெடும். இந்நோய் உள்ள ஆண்களுக்கு விறைப்புக் குறைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. அதுவும் பத்துப் பதினைந்து வருஷம் முன்னதாகவே வரும். கணவர் வெட்கப்பட்டு, முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்கிறார். மனைவியோ, "வேறு எவளோ இருக்கிறாள்" என்று நினைத்து அழுகிறார். இருவர் நினைப்பதும் தப்பு. இது ஆண்மை போன கதையல்ல. வைத்தியம் உள்ள ஒரு நோய்க்குறி. சில சமயம் இருதயக் கோளாறுக்கு முன்னறிவிப்பும் கூட. அதனால்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்கிறோம். பாசார் மாலாமில் விற்கும் பெயரில்லாத லேகியமும் மாத்திரையும் வேண்டவே வேண்டாம். நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை எடுப்பவர் விறைப்பு மாத்திரையையும் எடுத்தால், ரத்த அழுத்தம் சடாரென்று விழுந்து உயிர் போகலாம்.

பெண்களுக்கும் தொல்லை உண்டு, அதைப் பேசுவார்தான் இல்லை. சீனி கூடினால் பிறப்புறுப்பில் பூஞ்சைப் புண், அரிப்பு, வறட்சி வரும், சேர்க்கை வலிக்கும். "எனக்கு இஷ்டமில்லை" என்று அவர் விலகினால் கணவர் கோபிக்கக் கூடாது. புண்ணுக்குக் கிளினிக்கில் மருந்து இருக்கிறது. சீனி இறங்காமல் அது திரும்பத் திரும்ப வரும் என்பதையும் இருவரும் அறிந்திருக்க வேண்டும்.

பெண் பார்க்கும் வீடுகளுக்கும் ஒரு சொல். சிறு வயதிலேயே இன்சுலின் போடும் பிள்ளைகளின் நோயை மறைத்துக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். பிறகு மருமகள் குளியலறையில் ஒளிந்து ஊசி போடுகிறாள், அல்லது போடாமலே விட்டுவிடுகிறாள். முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்னதும் போகும் சம்பந்தம் போகட்டும். இவர்களும் பிள்ளை பெறலாம். ஆனால் திட்டம் போட்டுப் பெற வேண்டும். குழந்தையின் உறுப்புகள் உருவாவது முதல் எட்டு வாரத்தில், பல பெண்களுக்குக் கர்ப்பம் நிச்சயமாகத் தெரியாத காலத்தில். அதனால் கருத்தரிக்கும் முன்பே மூன்று மாதச் சீனிக் கணக்கை 6.5க்குக் கீழே கொண்டுவர முயல வேண்டும். போலிக் அமில மாத்திரையையும் அப்போதே தொடங்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் எடுக்கும் சில மாத்திரைகளை மாற்ற வேண்டியிருக்கும். டாக்டரைக் கேட்காமல் நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

சில வீடுகளில் நோயாளிக்குத் தனிச் சட்டி, தனிச் சோறு. மற்றவர்கள் டின் பால் ஊற்றிய தேத்தண்ணி குடிக்க, அவர் மட்டும் ஓரமாகக் கசப்புத் தண்ணி குடிக்கிறார். இது பத்தியமா, தண்டனையா? 2014இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, துணைக்கு இந்நோய் இருந்தால் தமக்கும் வரும் வாய்ப்பு 26 விழுக்காடு கூடுதல் என்று கண்டார்கள். நோய் தொற்றிக்கொள்வதில்லை. ஒரே அடுப்பு, ஒரே பழக்கம், அதுதான் காரணம். ஆகவே ஒரே குழம்பு, எல்லாருக்கும் சீனி குறைவு, சோறு ஒரு பிடி குறைவு, கீரை ஒரு பிடி கூட என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரனில் காய்கறிக்குப் பஞ்சமா என்ன! கணவர் தட்டை எட்டிப் பார்த்துப் போலீஸ் வேலை செய்வதைவிட, மாலையில் கூடவே அரை மணி நடந்துவிட்டு வருவது நல்லது.

துணை என்றால் எதுவரை என்று கேட்டால், விக்டர் சாக்ஸலைச் சொல்லலாம். நாஜிகளுக்குத் தப்பி ஷாங்காய் போய்ச் சேர்ந்த செக் நாட்டுத் தம்பதி அவரும் ஏவாவும். அங்கே ஏவாவுக்கு இனிப்பு நீர் கண்டது. இங்கே நம் பெரியவர்கள் பட்ட அதே ஜப்பான்காரன் காலத்தில், ஷாங்காயிலும் மருந்துக் கடைகள் அடைபட்டன, இன்சுலின் கிடைக்கவில்லை. விக்டர் டாக்டர் அல்ல, நெசவுத் தொழில் எஞ்சினியர். ஒரு மருத்துவப் புத்தகத்தைப் படித்து, இருவருமாக எருமையின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்தார்கள். முயலுக்குப் போட்டுப் பார்த்த பின் முதலில் ஏவாவே போட்டுக்கொண்டார். 200க்கும் மேற்பட்ட நோயாளிகள் அந்த மருந்தால் போர் முடியும்வரை பிழைத்தார்கள். ஏவா 2002 வரை வாழ்ந்தார்.

நமக்கு எருமை தேட வேண்டிய அவசியமில்லை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். அடுத்த முறை தேதிக்கு இருவருமாகப் போங்கள். வீட்டில் சொல்லாததை அங்கே டாக்டர் முன் சொல்வது சிலருக்குச் சுலபம். "ஒரு நாள் கூலி போகுமே" என்பீர்கள். டாக்டர் எம்.சி. கொடுத்தால் நோயாளிக்குக் கூலி போகாது: 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து வருஷத்துக்குக் குறைந்தால் 18, அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. கூடப் போகும் துணைக்கு இந்த விடுப்பு கிடையாது. அவர் தம் வருஷ லீவில் ஒரு நாளை அதற்கென்று முன்கூட்டியே மண்டோரிடம் சொல்லி வைக்கட்டும்.