தோட்டத்திற்கு ஒரு மைதானம்: பிரதேச சபையை அணுகுவது எப்படி?

மாலை நான்கு மணிக்குப் பின் புளத்கொகுபிட்டியவைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்குச் சென்றால் நாம் காண்பது பெரும்பாலும் ஒரே காட்சிதான். பையன்கள் பிரட்டுக்களத்திலோ பஸ் வரும் பாதையிலோ கிரிக்கெட் ஆடுகிறார்கள். சிறு பிள்ளைகள் லயத்து வாசலில் நிற்கிறார்கள். பெண் பிள்ளைகள் பீலிக்கரையிலோ அடுப்படியிலோ இருக்கிறார்கள். மைதானம் ஏன் இல்லை என்று கேட்டால், "துரை இடம் தரவில்லை" என்பார்கள் சிலர். "சபையில் காசு இல்லையாம்" என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கேட்க வேண்டியதை, கேட்க வேண்டிய இடத்தில், கேட்க வேண்டிய மாதத்தில் நாம் கேட்டோமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு உதவியாகவே இந்தப் பாடம்.

1. சட்டம் என்ன சொல்கிறது?

பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவானவை. 1991இல் அவற்றுக்கு முதல் தேர்தல் நடந்தது. தோட்ட மக்களும் வாக்களித்தார்கள். ஆயினும் வாக்குக் கேட்டு லயத்திற்கு வந்த உறுப்பினர், பாதையோ மைதானமோ கேட்டபோது கையை விரித்தார். சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக இருந்தது. கிராமத்திற்குச் சபை, தோட்டத்திற்குக் கம்பனி என்ற எண்ணம் அதனாலேயே வேரூன்றியது.

2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இந்தத் தடையை நீக்கியது. இன்று சபை தோட்டத்திற்குள்ளும் அபிவிருத்தி வேலை செய்யலாம். "செய்யலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கேட்காத தோட்டத்தைத் தேடி வந்து மைதானம் அமைத்துத் தரும்படி எந்தச் சட்டமும் சபையைக் கட்டாயப்படுத்தவில்லை.

2. முதலில் காணி, பிறகு காசு

தோட்டக் காணிகள் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. பெரும்பாலான தோட்டங்களில் காணி அரசினது, குத்தகை கம்பனியினது, வாழ்வோர் நம் மக்கள். இந்த மூன்றையும் தெளிவாக்காமல் சபை ஒரு சதமும் செலவிட இயலாது. செலவிட்டால் கணக்காய்வாளர் கேள்வி கேட்பார்.

எனவே, இடம் தருவதாக முகாமையாளர் வாயால் சொல்வது போதாது. அவர் மாற்றலாகிப் போனால் அந்த வார்த்தையும் அவரோடு போய்விடும். இடத்தின் அளவு, எல்லை, பொதுப் பயன்பாட்டிற்கான சம்மதம் மூன்றும் கம்பனியின் கடிதத்தில் இருக்க வேண்டும்.

3. மலையைக் கேளாமல் மண்ணை வெட்டாதீர்

2016 மே மாதம் களுபஹன தோட்டத்தில் லயங்கள் மேல் மண் சரிந்ததை இப்பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். மைதானம் என்றவுடன் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து சரிவை வெட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஒரு தோட்டத்தில் தேர்தலுக்கு முன் அவசரமாக வெட்டப்பட்ட திடலை நாம் பார்த்திருக்கிறோம். வடிகான் வெட்டவில்லை. முதல் பெருமழையில் மேற்பக்க மண் கோல் கம்பம் வரை வந்துவிட்டது. கீழே இருந்த லயத்தார் அன்றிரவு உறங்கவில்லை. பிள்ளைகள் மறுபடி பாதைக்கே போனார்கள்.

ஆகவே வெட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையை எழுத்தில் பெறும்படி சபையைக் கேளுங்கள். பெரிய திடலுக்கு இடமில்லையென்றால் மனம் தளர வேண்டாம். கரப்பந்தாட்டக் களத்தின் அளவு 18 மீற்றருக்கு 9 மீற்றர். சுற்றிலும் 3 மீற்றர் விட்டாலும் 24க்கு 15 மீற்றர் போதும். மழைநீர் வடிய மீற்றருக்கு 5 மில்லிமீற்றர் சாய்வு வைக்கலாம். ஆபத்தான சரிவில் பெரிய மைதானம் அமைப்பதிலும் பாதுகாப்பான மேட்டில் ஒரு சிறு களம் அமைப்பது நன்று.

4. பணம் எப்போது, எப்படி ஒதுக்கப்படுகிறது?

சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அதற்கான வரவு செலவுத் திட்டம் முந்திய ஆண்டு முடியுமுன் நிறைவேற வேண்டும். பெப்ரவரியில் மகஜர் கொண்டு செல்பவருக்கு "அடுத்த வருடம் பார்ப்போம்" என்ற பதிலே கிடைக்கும். ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிலேயே கோரிக்கை சபைக்குப் போய்ச் சேர வேண்டும். வழி இதுதான்:

அ) தோட்டத்தில் கூட்டம் கூடி, முடிவை ஒப்பங்களோடு எழுதுதல். மாதர் சங்கமும் இளைஞர் கழகமும் கட்டாயம் இருக்கட்டும்.

ஆ) வட்டார உறுப்பினர் மூலம் கோரிக்கையைத் தவிசாளரிடமும் செயலாளரிடமும் கொடுத்து, கிடைத்ததற்குக் கையொப்பம் பெறுதல்.

இ) தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து மதிப்பீடு தயாரித்தல். அன்று நாமும் கூட நிற்க வேண்டும்.

ஈ) சபைக் குழுவில் ஆராய்ந்து, வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத்தின் பெயரோடு சேர்த்தல். "மைதான அபிவிருத்தி" என்று பொதுவாக எழுதப்பட்ட தொகை எங்கும் போகலாம்.

சபையின் சொந்த வருமானம் சிறியது. ஆகவே வேலையை மூன்று ஆண்டுகளாகப் பிரித்துக் கேளுங்கள். முதலாண்டு சமப்படுத்தலும் வடிகானும். இரண்டாமாண்டு புல்லும் கம்பங்களும். மூன்றாமாண்டு சிறுவர் மூலையும் மலசலகூடமும். மாகாண சபை நிதியையோ பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியையோ நாடினால் வெவ்வேறு பகுதி வேலைக்கே நாடுங்கள். ஒரே வேலைக்கு இரு கணக்கு வேண்டாம்.

ஒதுக்கிய பணம் என்னவாயிற்று என்று அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதினால், தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானித்து அறிவிக்க வேண்டும்.

5. திறந்த பின்

திறப்பு விழாவுக்கு ஆள் சேரும். ஆறு மாதம் கழித்துப் புல் வெட்ட யாரும் வரமாட்டார்கள். பராமரிப்பு யார் பொறுப்பு என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வையுங்கள். வாரத்தில் இரு மாலைகளாவது பெண் பிள்ளைகளுக்கென ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் ஊர்ப் பணத்தில் அமைந்த மைதானம் இருபது இளைஞரின் மைதானமாகிவிடும்.

2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் இருக்கவில்லை. இப்போது கேட்பதற்கு ஆள் உண்டு. தேர்தலின்போது உறுப்பினர் நம் லயத்தைத் தேடி வந்தார். இனி நாம் சபையின் படியேற வேண்டும்.

கலந்துரையாடலுக்கு:

1. நம் தோட்டத்தில் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்? அங்கே என்ன ஆபத்து?
2. பாதுகாப்பான சமநிலம் எது? அது யார் பொறுப்பில் உள்ளது?
3. நம் வட்டார உறுப்பினர் யார்? கடைசியாக அவரைச் சந்தித்தது எப்போது, எதற்காக?
4. செப்டெம்பருக்கு முன் நாம் எழுத வேண்டிய கடிதங்கள் எவை? எழுதுபவர் யார்?