எப்படிப் போகுது என்று கேட்டால்… இணையத்தில் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்

பூந்தமல்லியிலும் கரையான்சாவடியிலும் பல தெருக்களில் இப்போது ஒரு காட்சி சகஜம். மாடி அறை ஒன்றில் லேப்டாப், லேபிள் அடிக்கும் மிஷின், டேப் ஒட்டிய அட்டைப் பெட்டிகள். சாயங்காலம் கூரியர் பையன் வந்து மூட்டையை அள்ளிக்கொண்டு போகிறான். இதே வட்டாரத்தில் ஒரு தலைமுறைக்கு முன் தொழில் தொடங்கியவர்கள் அம்பத்தூர் எஸ்டேட்டிலோ திருமழிசை சிட்கோவிலோ ஷெட் பிடித்து லேத் போட்டார்கள். மிஷின் ஓடும் சத்தத்தை வைத்தே தொழில் நடக்கிறதா இல்லையா என்று சொந்தக்காரர்கள் தெரிந்துகொள்வார்கள். உங்கள் தொழிலுக்குச் சத்தம் கிடையாது. அதனால்தான் கல்யாண வீட்டில் உங்களைப் பிடித்து, “என்னப்பா, எப்படிப் போகுது?” என்று கேட்கிறார்கள். “சூப்பரா போகுது அங்கிள்” என்று நீங்களும் சொல்லிவிட்டுப் பந்திக்கு நழுவுகிறீர்கள்.

சிறுதொழில்களின் வரவு செலவைப் பார்த்தே தலை நரைத்தவன் நான். தொழில் படுத்ததால் கெட்டவர்களைவிட, படுக்கிறது என்பதை வெளியே சொல்லாமல் இழுத்ததால் கெட்டவர்களையே அதிகம் கண்டிருக்கிறேன். உங்கள் நிலவரத்தை யாருக்கு, எப்போது, எப்படிச் சொல்வது என்பதுதான் இந்த அறிவுரைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

1. முதல் நிலவரத்தை உங்களுக்கே எழுதுங்கள்.

மாதம் பிறந்து 5ஆம் தேதிக்குள் ஒரே ஒரு பக்கம். பேங்கில் எவ்வளவு இருக்கிறது, போன மாதம் கைக்கு வந்தது எவ்வளவு, செலவு எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு, கொடுக்கவேண்டியது எவ்வளவு. கடைசியாக, இருக்கிற பணம் எத்தனை மாதம் தாங்கும். கணக்கு சுலபம்தான். பேங்கில் 6 லட்சம், மாதச் செலவு ஒன்றரை லட்சம், வரவு 50 ஆயிரம் என்றால் மாதம் 1 லட்சம் துண்டு விழுகிறது. ஆறு மாதம் தாங்கும். அந்த ஆறு நாலாகும்போதே வழி தேட வேண்டும். ஒன்றானபிறகு தேடினால் கந்து வட்டிக்காரர்தான் கிடைப்பார்.

2. ஆர்டர் வேறு, விற்பனை வேறு, கையில் நிற்கும் பணம் வேறு.

இளைஞர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 500 ரூபாய்ப் பொருளுக்கு 100 ஆர்டர் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் கேஷ் ஆன் டெலிவரி. திரையில் 50,000 ரூபாய் தெரியும். அதில் 20 பேர் கதவைத் திறக்கவில்லை, சரக்கு ரிட்டர்ன். மீதி 80 பேரிடம் வந்தது 40,000. பொருளின் அடக்கவிலை 250 என்றால் அதற்கு 20,000 போயிற்று. அனுப்பும் கூரியர் ஒன்றுக்கு 70 வீதம் நூற்றுக்கும் 7,000. திரும்பி வந்த இருபதுக்கு 60 வீதம் 1,200. பெட்டி, டேப், லேபிள் 1,500. விளம்பரத்துக்கு 6,000. நிற்பது 4,300 ரூபாய். இதில் ஜிஎஸ்டியும் கழிக்கவில்லை, உங்கள் உழைப்புக்கும் கூலி போடவில்லை. திரும்பி வந்த இருபதில் நாலு பெட்டி நசுங்கி வந்தால் அதுவும் உங்கள் தலையில்தான். 50,000 என்ற எண்ணை நண்பர்களிடம் சொல்லுங்கள், தப்பில்லை. மாதப் பக்கத்தில் 4,300ஐ எழுதுங்கள்.

3. நீங்கள் விற்க நினைத்ததைவிட, ஜனங்கள் தேடி வருவதைக் கவனியுங்கள்.

ராயபுரத்தில் வளர்ந்த முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தபோது, 1997இல் தமிழர்களுக்காக ஒரு வலைத்தளம் தொடங்கினார். அதில் பல பகுதிகள் இருந்தன. வரன் தேடும் பகுதிக்குத்தான் கூட்டம் வந்தது. அவர் அந்தக் கூட்டத்தின் பின்னால் போனார். அதுவே பாரத் மேட்ரிமோனி ஆகி, 2017இல் அந்த நிறுவனம் பங்குச் சந்தையிலும் ஏறியது. உங்கள் தளத்தில் பத்துப் பொருள் இருக்கும். ஏழு பொருள் மூன்று மாதமாகத் தூங்கினால், பாசத்தை விட்டுவிட்டு ஓடுகிற மூன்றில் பணத்தைப் போடுங்கள்.

4. புகாரை வாசிக்காமல் தூங்கப் போகாதீர்கள்.

வாடிக்கையாளர் எழுதும் புகார், உங்கள் தொழிலைப் பற்றி வெளியிலிருந்து வருகிற நிலவர அறிக்கை. அதில் மட்டும் சர்க்கரை தடவியிருக்காது. திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து வீடு மாற்றி வந்தபோது அவருடைய டிவி உடைந்து வந்தது. இன்சூரன்ஸ் பணத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தும் கிடைக்கவில்லை. பலரும் பார்க்கும் இடத்தில் இணையத்தில் எழுதினார், பணம் வந்துவிட்டது. இனிமேல் புகார்கள் பொதுவெளிக்குத்தான் வரும் என்று அவர் புரிந்துகொண்டதும் வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருளான ஃப்ரெஷ்டெஸ்க் பிறக்க ஒரு காரணம். 2010இல் சென்னையில் தொடங்கிய அந்த நிறுவனம், ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் 2021 செப்டம்பர் 22இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் 2020இன்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ‘கிடைத்தது’ என்று பதில் போகவேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். குறைதீர்க்கும் பொறுப்பாளர் ஒருவரின் பெயர் தளத்தில் இருக்கவேண்டும். ஆள் இல்லையென்றால் உங்கள் பெயரையே போடுங்கள்.

5. பணம் போட்டவர்களுக்குக் கெட்ட செய்தியை முதலில் சொல்லுங்கள்.

முதலீட்டாளர் என்றால் கோட்டு போட்டவர் மட்டும் இல்லை. நகையை அடகு வைத்துக் கொடுத்த அம்மாவும், பிஎஃப் பணத்திலிருந்து இரண்டு லட்சம் எடுத்துக் கொடுத்த மாமாவும் முதலீட்டாளர்கள்தான். அந்தப் பணம் கடனா, பங்கா, எப்போது திரும்பும் என்று வாங்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை உங்கள் மாதப் பக்கத்தை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கணக்கு தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸ் பெரிய பாடம். 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனம் என்று பேசப்பட்டது. அதனுடைய 2020-21ஆம் ஆண்டுக் கணக்கு 2022 செப்டம்பரில்தான் வெளியே வந்தது. நஷ்டம் 4,500 கோடி ரூபாய்க்கு மேல். அடுத்த ஆண்டுக் கணக்கும் தாமதமாக, 2023 ஜூனில் தணிக்கை நிறுவனமான டெலாய்ட் விலகிக்கொண்டது. 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. நஷ்டத்தை மன்னிக்கிற முதலீட்டாளர்கள் உண்டு. கணக்குக் காட்டாதவரை மன்னித்தவர்களை நான் பார்த்ததில்லை.

6. அடுத்தவர் பணம் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

நம் சென்னையிலேயே இரண்டு வழிக்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய ஜோஹோ, வெளி முதலீட்டாளர்களை உள்ளே விடாமல் சம்பாதித்த பணத்திலேயே வளர்ந்தது. 2000-01 டாட்காம் சரிவில் வாடிக்கையாளர்கள் பலர் போனபோதும், யாரும் வந்து இதை மூடு என்று சொல்லும் நிலையில் அதை நடத்திய ஸ்ரீதர் வேம்பு இல்லை. அந்த ஜோஹோவில் வேலை பார்த்த கிரீஷ், வெளிப் பணத்தை வாங்கி வேகமாக ஓடினார். ஊழியர்களுக்கும் பங்கு கொடுத்தார். இரண்டுமே வென்ற வழிகள். ஆனால் வெளிப் பணம் வாங்கினால் வேகத்தை நீங்கள் மட்டும் தீர்மானிக்க முடியாது. மெதுவாகப் போகவே ஆசை என்றால் வாங்காதீர்கள்.

அரசுப் பணத்தையும் விசாரியுங்கள். ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டத்தில் தொடக்க மானியம் உண்டு. நீட்ஸ் திட்டத்தில் பயிற்சியோடு மானியக் கடன் கிடைக்கும். பூந்தமல்லிக்காரர்கள் திருவள்ளூர் மாவட்டத் தொழில் மையத்துக்கும், பக்கத்து மாங்காட்டுக்காரர்கள் காஞ்சிபுரம் மாவட்டத் தொழில் மையத்துக்கும் போகவேண்டும். புரோக்கர் தேவையில்லை.

7. காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். பொருள் செய்து கொடுப்பவராகவோ சேவை தருபவராகவோ நீங்கள் பதிவு செய்திருந்தால், பெரிய கம்பெனி 45 நாளைத் தாண்டிப் பணத்தை இழுத்தடிக்க முடியாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் தருகிற உரிமை இது. வாங்கி விற்கும் வியாபாரிக்கு இது பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெரிய தளங்கள் வழியாக விற்றால், உங்கள் பணத்தில் ஜிஎஸ்டிக்காக அரை சதவீதமும் வருமான வரிக்காக 0.1 சதவீதமும் பிடிப்பார்கள். இரண்டு விகிதங்களும் 2024இல் குறைக்கப்பட்டவை. இந்தப் பணம் தொலைந்துபோனதல்ல. கணக்குத் தாக்கல் செய்யும்போது உங்களுக்கே வரவு. ஆடிட்டரிடம் கேட்டு வாங்குங்கள். உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு இல்லாமல் ஒரு முறுக்குப் பாக்கெட்கூட வெளியே போகக்கூடாது.

8. சரக்கைத் தரையில் வைக்காதீர்கள்.

வாடகை குறைவு என்று தரைத்தளத்தை கோடவுன் ஆக்குகிறீர்கள். நாம் இருப்பது செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில். 2015 டிசம்பரில் அடையாற்றில் வந்த வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் புகுந்து மிஷினும் சரக்கும் நாசமாயின. ரேக் போட்டு உயரத்தில் வையுங்கள். சரக்குக்கு இன்சூரன்ஸ் எடுங்கள். வெள்ளத்துக்குப் பொருந்துமா என்று பாலிசியில் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். சரக்குப் பட்டியலின் நகல் வேறோர் இடத்தில் இருக்கட்டும். பட்டியல் இல்லாமல் நஷ்ட ஈடு கேட்டால் சர்வேயர் முன் வாய் பேசாது.

9. வீட்டுக்கும் நிலவரம் சொல்லுங்கள்.

தொழில் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒரே பேங்க் அக்கவுண்டில் ஓடக்கூடாது. 10 ஆயிரமே ஆனாலும் மாதம் ஒரு தொகையை உங்களுக்குச் சம்பளமாக எடுங்கள். அதை வீட்டில் கொடுங்கள். இந்த மாதம் எடுக்க முடியவில்லையென்றால் அதையும் சொல்லுங்கள். அப்பா கோபப்படுவார், அம்மா ராத்திரி சரியாகத் தூங்கமாட்டார், உண்மைதான். ஆனால் கடன்காரர் வாசலில் வந்து நின்று அவர்கள் தெரிந்துகொள்வது அதைவிடக் கொடுமை. எத்தனை மாதம் முயற்சி செய்வது என்று வீட்டோடு பேசி ஒரு கெடு வையுங்கள். கெடு இருந்தால் தினமும் கேள்வி கேட்கமாட்டார்கள். பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். கெடு தெளிவாக இருந்தால், நடுவில் வரன் பேச்சு எடுத்துத் தொழிலை நிறுத்தச் சொல்பவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு பிடி இருக்கும்.

10. ஊருக்குச் சொல்வதைக் கடைசியில் வையுங்கள்.

லிங்க்ட்இனிலும் இன்ஸ்டாகிராமிலும் உங்கள் வெற்றியைப் போடுங்கள்; விளம்பரமும் தொழிலின் ஒரு பகுதிதானே. ஆனால் முதலீடு வரப்போகிறது என்பதை, பணம் அக்கவுண்டில் ஏறுகிறவரை எழுதாதீர்கள். வேலையை விட்டுப்போன பையனைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். மாதப் பக்கத்தில் இல்லாத எண் எதுவும் உங்கள் பதிவில் இருக்கக்கூடாது. 2023 ஜனவரியில் கார் சர்வீஸ் நிறுவனமான கோமெக்கானிக்கின் நிறுவனர்கள் தங்கள் நிதிக் கணக்கில் தவறுகள் நடந்ததாக ஒப்புக்கொண்டு, ஊழியர்களில் பெரும்பகுதியினரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியே சொன்ன கணக்கைக் காப்பாற்ற உள்கணக்கை வளைக்க ஆரம்பித்தால் முடிவு அப்படித்தான்.

11. மூட வேண்டியிருந்தால் ஒழுங்காக மூடுங்கள்.

எல்லாத் தொழிலும் நிலைக்காது. நிலைக்காவிட்டால் அவமானம் ஒன்றும் இல்லை. கெடு முடிந்து, பேங்கிலும் இரண்டு மாதத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அந்த இரண்டு மாதத்தை மூடுவதற்குப் பயன்படுத்துங்கள். முதலில் வேலை செய்தவர்களின் சம்பளம். அடுத்து சரக்குக் கொடுத்த சின்ன வியாபாரிகள். முன்பணம் கட்டிய வாடிக்கையாளர்களுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமில்லாமல் ரீஃபண்ட். ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்துவிட்டு, மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். பணம் போட்ட சொந்தக்காரர்களை நேரில் போய்ப் பாருங்கள், வாட்ஸ்அப்பில் முடிக்காதீர்கள்.

போனை எடுக்காமல் ஓடியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மார்க்கெட்டில் அவர் பெயருக்குச் சரக்கு இறங்காது. கணக்கை முடித்துக் கைகுலுக்கிவிட்டுப் போனவர் இரண்டாம் முறை வந்து கேட்டால் அதே மாமா மறுபடியும் பணம் கொடுப்பார். அதே வியாபாரி முப்பது நாள் தவணையில் சரக்குப் போடுவார். முதல் தொழிலில் பணம் சம்பாதிக்க முடியாமல் போகலாம். அதில் சம்பாதித்த நாணயம் இரண்டாவது தொழிலுக்கு முதல்.