மாதிரி லயத்தின் சுவர் வளைந்துவிட்டதா?

ஹட்டன், நுவரெலியா பக்கம் மழையும் மூடுபனியும் நீடித்தால், காட்போட்டில் செய்த லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு), தேயிலைத் தொழிற்சாலை மாதிரிகள் ஈரம் இழுத்து வளையும். வீசிவிட வேண்டாம், திருத்தலாம்.

• குழிந்த பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் இலேசாகத் துடையுங்கள். அப்பக்கம் விரிந்து அட்டை நிமிரும்.

• பொலித்தீன் தாள் இரண்டுக்கு நடுவே வைத்து, சமதளப் பலகையால் மூடி, கனமான புத்தகங்களை இரவு முழுக்க அடுக்குங்கள். பிறகு தாளை நீக்கி நிழலில் உலர்த்துங்கள். அடுப்படியில் காய வைத்தால் மறுபடி வளையும்.

• ஒரு பக்கம் மட்டும் கடதாசி ஒட்டினால், பசை காயும்போது சுருங்கி அட்டையை இழுக்கும். பின்பக்கமும் அதே கடதாசியை ஒட்டுங்கள். பூச்சுக்கும் இதே விதிதான்.

• தொழிற்சாலையின் நீண்ட சுவருக்கு உட்புறம் குறுக்குப் பட்டிகள் ஒட்டுங்கள். லயத்தில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர்களே தாங்கலாகும். 10க்கு 12 அடிக் காம்பரா, 1:50 அளவில் ஏறத்தாழ 6.1க்கு 7.3 சென்ரிமீற்றர்.

• தகரக் கூரையைக் கடைசியில், சுவர் நன்கு காய்ந்தபின் ஒட்டுங்கள்.

நம் பெற்றோர் வாழ்ந்த வீட்டைப் பிள்ளைகள் கையால் கட்டிப் பார்க்கிறார்கள். அது நேராக நிற்கட்டும்.